வான் அங்கிளுக்குக் கண் தெரியாதாம்!

போன வருடம், இரண்டாம் தவணைக்குப் பாடசாலைகள் திறந்திருந்த காலம். திருகோணமலையில் நான் பாடசாலை வான் ஓட்டுகிறவன். கப்பல்துறையில் என் வீட்டிலிருந்து புறப்பட்டு, அன்புவழிபுரத்து ஒழுங்கைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகரத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட வேண்டும். எந்த வீட்டிலும் இறங்கிப் போய்க் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு ஒரு விதமாக ஹோர்ன் அடிப்பேன். ஒரு வீட்டுக்கு நீட்டி ஒன்று, இன்னொரு வீட்டுக்குக் குட்டையாக இரண்டு. இரட்டைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு பாட்டே வரும். தங்கள் ஹோர்ன் கேட்டதும் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒழுங்கையில் இருக்கிறவர்களுக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, எனக்கு நிறையப் பெருமை உண்டு.

அந்த ஹோர்ன் நின்றுபோனது. பழுதாகவில்லை, அடிக்க எனக்கு மனம் வரவில்லை. இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டில் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. நித்திரை போனது, பிறகு பசி போனது, பிறகு வானுக்குள் பிள்ளைகள் போடும் கூச்சல்கூட எங்கேயோ தூரத்தில் கேட்டது. நான் இல்லாவிட்டால் மனைவிக்கும் மகளுக்கும் நிம்மதி என்று ஒரு நினைப்பு வந்தது. எப்போதாவது வந்தது, தினமும் வரத் தொடங்கியது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கண்டுபிடித்தவன் என் சிநேகிதன். கிண்ணியாக்காரன், பாடசாலை வாசலில் ஓட்டோ நிறுத்துகிறவன். அவனைக் கண்டாலும் அடிப்பதற்கு ஒரு ஹோர்ன் வைத்திருந்தேன். அது கேட்காமல் போகவே, ஒரு நாள் பிள்ளைகளை இறக்கியதும் வானுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பகிடிக்கு ஏதோ சொன்னான். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்தால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

“மச்சான், ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் செல்லு. செத்துப் போகணும் எண்டு யோசினை வருதா ஒனக்கு?”

இப்படி நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது அழுகைதான். “ஓம்” என்றேன். அந்த ஒரு சொல்லை வெளியே விட்டதும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் அசைந்தது.

அவன் பதறவில்லை, புத்தி சொல்லவில்லை. பிள்ளையை நினைத்துப் பார் என்றும் சொல்லவில்லை. வான் திறப்பை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டான். “நீ தனியப் போகத் தேவல்ல. நான் இரிக்கன்” என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். என் மனைவியையும் போன் எடுத்து அங்கேயே வரச் சொன்னான். அன்றைய ஓட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு, டொக்டரின் அறை வாசல் வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

டொக்டர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம், இதற்கு மருந்து இருக்கிறது, கதைத்துக் குணமாக்கும் வழியும் இருக்கிறது என்றார். தான் சொல்லும் வரைக்கும் வான் ஓட்டக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அன்று பின்னேரத்திலிருந்து என் சித்தப்பாவின் மகன் வானை ஓட்டினான். பெற்றோரிடம் எனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க முடியாது என்று சொன்னோம். மனைவி மருந்துக் குளிசைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, நேரத்துக்கு நேரம் தன் கையால் தந்தாள். உடனே ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் காலையில் குசினியில் இருந்து சம்பல் இடிக்கும் வாசம் வந்தது, எனக்குப் பசித்தது. பாணும் சம்பலும் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டேன். மனைவி அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள்.

டொக்டர் ஓட்டலாம் என்ற பிறகுதான் திறப்பைக் கையில் எடுத்தேன். ஹோர்னும் பழையபடி கேட்டது. அதற்குள் அடுத்த சனியன் பிடித்தது. மாதாந்தக் கிளினிக்குக்குப் போன இடத்தில், என் வானில் வரும் ஒரு பிள்ளையின் தாய் என்னைக் கண்டுவிட்டார்.

“என்ன அண்ணை, இஞ்ச?”

“கண் காட்ட வந்தனான், தங்கச்சி.”

வாயில் வந்ததைச் சொன்னேன். வான் ஓட்டுகிற மனிதன் எதைச் சொல்லக்கூடாதோ, அதைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்! பின்னேரத்துக்குள் அன்புவழிபுரம் முழுக்க, வான் அங்கிளுக்குக் கண் தெரியாதாம் என்று கதை பரவிவிட்டது. அடுத்த நாள் காலையில் ஹோர்ன் அடித்த பல வாசல்களில் பிள்ளையைக் காணவில்லை, தகப்பனின் மோட்டார் சைக்கிளில் போய்விட்டிருந்தது. வந்த பிள்ளைகளில் ஒன்று என் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி, “வான் அங்கிள், இது எத்தினை விரல்?” என்று கேட்டது.

இரண்டு நாளில் பெற்றோர் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி என்னைக் கூப்பிட்டார்கள். வேறு வான் பார்ப்பதா என்பதுதான் பேச்சு. கதிரையைத் தள்ளித் தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள். என் தொழில் அந்த விறாந்தையில் முடியப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இன்னும் கெதியாக முடியும் என்றும் நினைத்தேன். கண்ணில் ஒன்றுமில்லை என்று சும்மா மழுப்பினேன். அப்போதுதான் என்னை ஆஸ்பத்திரியில் கண்ட அந்தத் தாய் சொன்னார்:

“வருத்தம் தானே அண்ணை, அதை ஏன் மறைக்கிறீங்கள்? வருத்தம் எல்லாருக்கும் வரும்.”

அவர் சொன்னது கண்ணை. எனக்கு அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“கண் இல்லை, தங்கச்சி. மனம் தான். சாகவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான். மருந்து எடுத்து இப்ப சுகமா இருக்கிறன்.”

துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தகப்பன்தான் முதலில் வாய் திறந்தார். “அப்பிடிப்பட்ட நேரத்தில எங்கட பிள்ளையளையோ ஏத்திக்கொண்டு ஓடினீங்கள்?” என்று கேட்டார். குரல் சூடாகத்தான் இருந்தது. கேட்க வேண்டிய கேள்விதானே. “ஓம், வருத்தம் எண்டு விளங்காமல் ஓடினனான். விளங்கின அண்டைக்கே நிப்பாட்டினனான். டொக்டர் ஓடலாம் எண்ட பிறகுதான் திரும்பத் தொட்டனான். வேணுமெண்டால் என்னோட வாங்கோ, அவரிட்டயே கேளுங்கோ” என்றேன்.

அவர் தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். அந்தத் தாய் எழும்பி, “நாளைக்கு எங்கட வாசலில ஹோர்ன் அடியுங்கோ. பிள்ளை ரெடியா நிப்பான்” என்றார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். இரண்டொரு குடும்பம் வேறு வானுக்குப் போனது, அது அவர்கள் விருப்பம். அடுத்த நாள் காலை அந்த ஒழுங்கைகளில் நான் அடித்த ஹோர்னை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! கல்யாண ஊர்வலம் வருகிறது என்று நினைத்துச் சிலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்களாம்.

சில வாரங்கள் போயிருக்கும். துறைமுகத்துத் தகப்பன் தன் மகளை வானில் ஏற்றிவிட்டு, என் பக்கத்து யன்னலடிக்கு வந்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “அந்தக் கிளினிக் என்ன நாள்?” என்று மெதுவாகக் கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவருடைய கண்ணைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நாளைச் சொன்னேன். பிறகு, என் சிநேகிதன் கேட்ட கேள்வியை அவரிடம் நேராகக் கேட்டேன். அவர் “ஓம்” என்ற பிறகு, “நாள் பார்க்கத் தேவையில்லை, தனியப் போகவும் தேவையில்லை. இண்டைக்கே போவம், நான் வாறன்” என்றேன். அவரையும் முன் சீட்டில் ஏற்றி, பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது அவர்கள் வீட்டு வாசலில் குட்டையாக இரண்டு அடித்து மகளைக் கூப்பிட்ட பிறகு, இன்னும் ஒன்று சேர்த்து அடிக்கிறேன். அது தகப்பனுக்கு. அவர் பல் தீட்டும் பிரஷை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டுவார், நான் வானை எடுப்பேன். ஒருவன் வெட்கப்படாமல் நேராகக் கேட்டதால்தான் இந்த ஒழுங்கைகளில் நான் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டு திரிகிறேன். அதனால் இப்போது யாராவது சத்தமில்லாமல் போனால், வானை ஓரங்கட்டிவிட்டு நானே இறங்கிப் போய்க் கேட்டுவிடுகிறேன்.