ஆறு மணிப் பால்

கிருபா தனசிங் எதையும் ஒருமுறை எண்ணியதோடு விட்டுவிடுகிறவள் இல்லை. பள்ளி இறுதித் தேர்வுத் தாள்களை மறுகூட்டல் செய்யும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு ஒன்பது வருட உத்தியோகம். பிறர் போட்ட கூட்டல் தப்பாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதுதான் அங்கே வேலை. ஓரத்தில் ஒளிந்துகிடக்கும் அரை மதிப்பெண்ணைக்கூட இழுத்து வெளியே போடுவாள். அந்தப் பழக்கம் மேசையோடு நிற்கவில்லை. சேலையூரிலிருந்து கூடையோடு வரும் கீரைக்காரி, "இந்தம்மா வூட்டு வாசல்ல மட்டும்தான் கட்டப் பிரிச்சு உதறிக் காட்ட வேண்டிகீது" என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டுத்தான் கூடையை இறக்குவாள்.

முப்பத்திரண்டு வயதில், அறுபத்தெட்டாம் வருடம், அவளுக்கு ஹில்டா பிறந்தாள். குழந்தைக்குப் பத்து நாள் ஆனபோது தாய்க்குக் காமாலை கண்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது பால் வற்றிவிட்டிருந்தது. அன்றிலிருந்து டின் பால்தான். படகு வடிவக் கண்ணாடிப் புட்டி, அதன் இரண்டு முனைக்கும் ரப்பர், ஒரு அவுன்ஸ் தண்ணீருக்கு ஒரு கரண்டி மாவு. டின் கிடைப்பதே அப்போது பெரும்பாடு. புருஷன் தனசிங் ரயில்வே பட்டறை வேலை முடிந்து தாம்பரத்தில் நாலு மருந்துக் கடை ஏறி இறங்கி ஒன்று கொண்டுவருவான்.

லீவு முடிந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஷம்சாத் ஒப்புக்கொண்டாள். மேற்குத் தாம்பரத்தில் ஐந்து குடித்தனம் இருந்த அந்த வரிசை வீட்டில் அடுத்த கதவு அவளுடையது. புருஷன் கரீம் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தான். இவளுக்கும் கைக்குழந்தை உண்டு: ஒன்பது மாதப் பையன் கஃபார். ஒன்றோடு இன்னொன்று என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டாள்.

ஹில்டாவுக்கு நாலாவது மாதம் நடக்கையில் கிளினிக் நர்ஸம்மா, "இனிமே மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு போதும், கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க" என்றாள். கிருபாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக என்பதெல்லாம் தெரியாது. அன்று சாயங்காலமே அட்டையில் கோடு கிழித்து எழுதினாள். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை அவுன்ஸ் என்று ஒரு கட்டம். ஷம்சாத் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். பக்கத்தில் தன் அலாரம் கடியாரத்தையும் வைத்தாள்.

"இந்த நேரத்துக்கு முன்னாடி டின்னைத் தொடக்கூடாது, ஷம்சாத். என்ன அழுதாலும் சரி."

"தொட மாட்டேன் அக்கா."

ஐந்து வேளையில் ஆறு மணிப் பால்தான் கிருபாவுக்கு உரியது. காலைப் பாலைக் குழந்தைக்கு ஒரு கண், ரயிலுக்கு ஒரு கண் என்று கொடுப்பாள். ராத்திரிப் பாலைக் குழந்தை தூக்கத்திலேயே குடிக்கும். சாயங்காலம் எழும்பூரில் மின்சார ரயிலைப் பிடித்து, ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வீட்டுக்குள் நுழைந்து, கை கால் கழுவி மடியில் போட்டுக்கொண்டால், அந்தக் கால் மணி நேரம் ஹில்டா புட்டியைப் பிடித்த அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கும். அதற்காகத்தான் அவள் நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அட்டை மாட்டிய ஐந்தாம் நாள் அந்த ஆறு மணிப் பாலை ஹில்டா வேண்டாம் என்றது. ரப்பரை நாக்கால் தள்ளிவிட்டு விட்டத்தைப் பார்த்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் ஒரு அவுன்ஸ் குடித்துவிட்டுச் சிரித்தது.

"மத்தியானம் நேரத்துக்குத்தானே குடுத்தே?" என்றாள் கிருபா.

"மணி அடிச்ச பொறவுதான் பாட்டிலை வாயில வெச்சேன். வேணும்னா கடியாரத்தையே கேளுங்க."

பதில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது ஷம்சாத் கஃபாரின் மூக்கைத் துடைக்கக் குனிந்துகொண்டாள். பையன் மூக்கு சுத்தமாகத்தான் இருந்தது. கிருபா அதைப் பார்த்துவிட்டாள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது கஃபார்தான். நம் டின் அவன் வயிற்றுக்குப் போகிறதோ? கம்பளி பின்னும் ஊசி ஒன்றை எடுத்துத் தினம் காலையில் டின்னின் அடிவரை விட்டு, மாவு எட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். சாயங்காலம் டின் வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி விட்டுப் பார்த்தாள். ஆறும் ஆறும் பன்னிரண்டு கரண்டி குறைய வேண்டும். அதற்கு மேல் குறைந்தால் பிடித்துவிடலாம்.

அதற்கு மேல் குறையவில்லை. ஒன்பது கரண்டி அளவுக்குத்தான் குறைந்தது.

எடுத்தால் திருட்டு என்று தெரியும். குறைய வேண்டியது குறையாவிட்டால் அதற்குப் பெயர் என்ன? எடுத்துவிட்டு மைதா மாவைக் கலக்கிறாளா? பள்ளியில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. டின்னிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பீங்கான் தட்டில் கரைத்து, காயத்துக்குப் போட அலமாரியில் வைத்திருந்த டிங்சர் அயோடினில் ஒரு சொட்டு விட்டாள். மைதாவானால் நீலம் பாரிக்கும். பார்த்துக்கொண்டே இருந்தாள். பழுப்பாகவே இருந்தது.

"இப்ப என்ன, ஷம்சாத்துக்கு முப்பத்தஞ்சு மார்க்காவது போடுவியா மாட்டியா?" என்றான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தனசிங்.

"சிரிக்காதீங்க. பால் செலவாகல, புள்ளை பட்டினியும் இல்ல. அப்போ என்ன குடிக்குது?"

சனிக்கிழமை கிளினிக்கில் தராசு அவளை இன்னும் குழப்பியது. பதினைந்து நாளில் ஒரு பவுண்டுக்கு மேல் ஏறியிருந்தது. "நாலு மணிக் கணக்கு நல்லா ஒத்துக்கிச்சு பாருங்க" என்று நர்ஸம்மா கன்னத்தைக் கிள்ளினாள். விடைத்தாளில் கேள்விக்குப் பதிலே இல்லை, மொத்தத்தில் மட்டும் மார்க் இருக்கிறது என்றால் யார் சந்தோஷப்படுவார்கள்?

அன்று மாலை குழாயடியில் வீட்டுக்காரம்மாள் அபிதகுஜாம்பாள் குடத்தை நிமிர்த்தியபடி சொன்னாள்: "ஏண்டிம்மா கிருபா, உன் குழந்தை மத்தியானமெல்லாம் மூச்சு பேச்சில்லாமத் தூங்கறதே, கவனிச்சியோ? ஒரு மணிக்கு ஊரைக் கூட்டி அழறது. அவ கதவைச் சாத்திக்கறா. அப்புறம் சத்தமே இல்லே. அந்தக் காலத்துல ஆயாக்கள் கடுகத்தனை அபினியை விரல்ல தடவி வைப்பாளாம். நான் ஒண்ணும் சொல்லலேம்மா."

ஒன்றும் சொல்லாமல் சொன்ன அந்த வார்த்தை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் முழுவதும் கிருபாவின் காதில் ஓடியது.

திங்கட்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். தாம்பரத்தில் இறங்கியபோது மணி ஒன்றாக ஐந்து. வெயிலில் ஓட்டமும் நடையுமாகத் தெருமுனை திரும்பும்போதே ஹில்டாவின் அழுகை கேட்டது. வாசலுக்கு வருவதற்குள் அது சட்டென்று நின்றது. கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. தள்ளினாள்.

ஷம்சாத் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கஃபார் அவள் முழங்காலருகே ஒரு மூடியை வைத்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். ஹில்டா அவள் மார்பில் இருந்தது. வெளிச்சம் பட்டதும் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது.

"அக்கா!" ஷம்சாத் முந்தானையை இழுத்தாள். குழந்தை விடவில்லை.

கிருபா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது நிம்மதிதான். அபினி இல்லை, மைதா இல்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட இருக்கவில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பொறாமை உள்ளே வந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"அட்டை மாட்டினதுக்கு மூணாம் நாள்லேர்ந்து."

"நான் கேட்டப்பல்லாம் இல்லேன்னு சொன்னியே."

"எங்கக்கா சொன்னேன்? டின்னத் தொடக் கூடாதுன்னீங்க. தொடல. மணிக்கு முன்ன பாட்டில் குடுத்தியான்னீங்க. குடுக்கலன்னேன். வேற இன்னா கேட்டீங்க?"

கேட்காத கேள்விக்கு எந்தத் தாளில் மார்க் குறைப்பது?

"ஒரு மணிக்கு வீல்னு கத்துதுக்கா. கடியாரத்தப் பாத்தா இன்னும் ஒரு மணி நேரம் கீது. பசி கடியாரத்துக்கா? எம்புள்ளய மடியில வெச்சிக்கினு இதைக் கீழ போட்டு அழவுட முடியுமா? அப்பால ரெண்டு மணிக்குப் பாதி பாட்டில்தான் குடிக்குது. கிடைக்காத டின்னாச்சே, வீணாக்குவானேன்னு மூணு கரண்டிதான் கலக்கினேன்."

ஊசிக் கோட்டின் கணக்கு அந்த இடத்தில் நேராயிற்று. ஆறும் மூன்றும் ஒன்பது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வேற ஆள் பாத்துடுவீங்கன்னு பயம். அப்பால..." ஷம்சாத் தயங்கினாள். "எங்களுக்குள்ள ஒரு முறை உண்டு. அஞ்சு வேளை வயிறு நெறைய ஒருத்தி பாலைக் குடிச்சுட்டா, அந்தப் புள்ளைக்கு அவ அம்மா முறை. கஃபாரும் இதுவும் இனி கூடப் பொறந்த மாதிரி. நாளைக்கு இதுங்க ரெண்டுக்கும் கண்ணாலம் கட்டக் கூடாது. 'அவங்க வூட்டுப் புள்ளைய அவங்களக் கேக்காம நம்ம சொந்தமாக்கிட்டியே, போய் மொதல்ல சொல்லு'ன்னு அவரு தினம் பேஜார் பண்றாரு."

"கண்ணாலமா?" கிருபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "எங்க மாமனாருக்குத் தெரிஞ்சா, அந்த ஒரு கவலை விட்டுதுன்னு ஸ்தோத்திரம் பண்ணுவார்."

ஷம்சாத்தும் சிரித்துவிட்டாள். கிருபா சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள்: "சாயங்காலமும் குடுக்கிறியா?"

"அஞ்சு மணிக்கு. கொஞ்சமா."

"கொஞ்சம்னா எத்தனை?"

"இதுல அவுன்ஸு கோடா போட்டிருக்கு, அக்கா?"

"விளையாடாதே," என்றாள் கிருபா. "ஆறு மணிக்கு அவ எங்கிட்ட குடிக்கணும், ஷம்சாத். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் நீ எடுத்துக்காதே."

ஷம்சாத்தின் முகம் மாறியது. இப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அம்மா களைத்து வருவாளே, வந்ததும் பிள்ளை அழாமல் இருக்கட்டுமே என்றுதான் அவள் ஐந்து மணிக்குக் கொடுத்துவந்தாள்.

கிருபா எழுந்து அட்டையைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பின்பக்கத்தில் புதிதாகக் கோடு கிழித்தாள். நாலு மணிக் கணக்கு நர்ஸம்மாவுக்குச் சரி, கடியாரத்துக்குச் சரி, ஹில்டாவுக்குத்தான் சரியில்லை. காலை ஆறு. ஒன்பதரைக்குப் புட்டி. மூன்றுக்குப் புட்டி. மாலை ஆறு. இரவு பத்து. ஒன்பதரைக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு வரி காலியாக இருந்தது. அங்கே இன்னொரு புட்டியையே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 'பன்னிரண்டரை, ஷம்சாத்' என்று எழுதி, அவுன்ஸ் கட்டத்தை வெறுமனே விட்டாள்.

"மூணு மணிக்கு அப்புறம் எதுவும் கூடாது."

"அழுதா?"

"தூக்கிக்கிட்டுத் தெருவுல நட. நான் வந்துக்கிட்டே இருப்பேன்."

மறுநாள் ஆறு மணிக்கு ஹில்டா ஐந்து அவுன்ஸ் குடித்தது. விரலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு, இடையில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு குடித்தது. ஆறாவது அவுன்ஸை நாக்கால் தள்ளிவிட்டது. கிருபா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மிச்சத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டியபடியே அடுத்த வாசலுக்குப் போனாள்.

"ஷம்சாத், ஒரு அவுன்ஸ் மிச்சம் வெச்சிருக்கா. அஞ்சு மணிக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லியே?"

உள்ளேயிருந்து கரீமின் சிரிப்புதான் முதலில் வந்தது.

"டின்னையும் தொடல, பாட்டிலையும் தொடல, புள்ளைய மார்லயும் சேர்த்துக்கல, தெருவுல நடந்து காலு வலிக்குது," என்றாள் ஷம்சாத். "இப்ப எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா, இன்னும் ஏதாவது பாக்கி கீதா?"