சீமைத்துத்தியின் இரண்டாம் வருடம்

மைசூருக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது இந்த வாடகை வீடுகளின் வருடக் கணக்கு. ஒப்பந்தத்தில் வருடம் என்றால் பதினொரு மாதம். பன்னிரண்டாவது எங்கே போகிறது என்று கணவரைக் கேட்டால், "அது ஓனருக்கு" என்பார். சாத்தூரில் பிறந்த வீட்டில் கல்யாணம்வரை இருந்தேன். எத்தனை நாள் இருப்பாய் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே இருபது வருடத்தில் ஐந்து வீடு மாறியாயிற்று. கறிவேப்பிலையைக்கூட தொட்டியில்தான் வளர்த்தேன்.

அப்படிப்பட்டவள் விஜயநகர் வீட்டில் சீமைத்துத்தி விதைத்தது சுத்த அசட்டுத்தனம். தேவராஜ மார்க்கெட் அருகே விதைக் கடையில், ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காகப் பூத்த படம் ஒன்று மாட்டியிருந்தது. மயங்கிவிட்டேன். "ஈ வர்ஷ பரீ எலெ, மேடம். ஹூவு பரோ வர்ஷ" என்றார் கடைக்காரர். இந்த வருடம் வெறும் இலை, பூ அடுத்த வருடம்தான். புரிந்தும் வாங்கினேன்.

மழை ஓய்ந்ததும் தட்டை விதைகளை ஓர் இரவு ஊறவைத்துக் காம்பவுண்டு ஓரம் ஊன்றினேன். பத்து நாளில் முளைத்தது. இலை விரிந்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்க் குப்பைமேட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் துத்தியின் அதே சாடை. தினமும் விடியலில் தலையில் துண்டு கட்டி, வாசல் தெளித்துக் கோலம் போட்டபின், மிச்சத் தண்ணீரை அதன் தூரில் ஊற்றுவேன். பதினொரு மாதம் முடிந்தபோது, பூவைப் பார்த்துவிட்டுப் போகிறோமே என்று வீட்டு ஓனரிடம் கெஞ்சியும் பார்த்தேன். மகன் குடும்பம் வருகிறது என்று கைவிரித்துவிட்டார். ஒரு செடியையாவது பெயர்த்துக்கொள்ளலாம் என்று தோண்டினால், முள்ளங்கி போல நேராக இறங்கிய வேர் பாதியில் முறிந்தது. மற்றதை அப்படியே விட்டுவிட்டு, நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டுக்கு வந்தோம்.

நாலைந்து மாதம் கழித்துக் காய்கறிக் கடையில் அந்த ஓனரின் மருமகள் சௌம்யாவைப் பார்த்தேன், சாவி கொடுத்த அன்று பழக்கமானவள். சென்னையில் இருந்தவள், கன்னடம் கலந்து தமிழ் ஓரளவு வரும்.

"தேங்க்ஸ் ஆண்ட்டி. தினமும் காலையில வந்து செடிக்குத் தண்ணி ஊத்துறீங்க."

"நானா? அந்தப் பக்கமே வரலையேம்மா."

"சும்மா இரி ஆண்ட்டி! தலையில துண்டு கட்டிக்கிட்டு, வாசல்ல ரங்கோலி போட்டு... கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டீங்க. கேட் பூட்டியே இருக்கு, எப்படி உள்ள வர்றீங்க?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். கணவரிடம் சொன்னேன், வேறு யாராவதாக இருக்கும் என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போனேன். தெருவில் ஆளில்லை. கேட் பூட்டியிருந்தது. உள்ளே மதில் உயரத்துக்கு மேலே வளர்ந்து, கருஞ்சிவப்பாகப் பூத்து நின்றது சீமைத்துத்தி. தூரில் ஈரம். தெளித்த வாசலில் புள்ளி வைத்த சிக்குக் கோலம், மாவு இன்னும் நனைந்தபடி. வலது மூலையில் கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது. இருபது வருடமாக எனக்கு அந்த மூலை இறங்கித்தான் வரும். பயமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம். போகச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் ஒருத்தி இங்கேயே இருந்து, முதல் பூ விரிந்ததைப் பார்த்திருக்கிறாள்.

வீடு திரும்பிப் படியேறும்போதே அக்காவுக்குப் போன் செய்தேன். சாத்தூர் வீட்டில் இப்போது அவள் மட்டும்தான் இருக்கிறாள். முட்டிவலி, குனியவே முடியாது.

"அக்கா, நம்ம வீட்டு வாசலை யாரு தெளிக்கிறா?"

அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இதை என்னைக்காவது கேட்டுருவியோன்னுதான் நீ கல்யாணமாகிப் போன நாள்லருந்து பயந்துக்கிட்டு இருந்தேன்டி" என்றாள்.

போனை வைத்தேன். வெயில் ஏறிவிட்டது. நான் குடியிருக்கும் இந்த வீட்டு வாசல் மட்டும் தெளிக்க ஆளில்லாமல் காய்ந்து கிடந்தது.