மாமனாருக்குத் தராத சாவி

வெள்ளானூர், அண்ணனூர் பக்கம் எழும்பிய புது வீடுகளில் பாதிக்குப் பரந்தாமன்தான் வயரிங் செய்தவன். அவனைக் கேட்டால் முக்கால்வாசி என்பான். நியூசிலாந்துக்குப் போய் இரண்டு வருஷமாகியும் அங்கே தனியாக ஒரு சுவிட்ச் மாற்ற அவனுக்கு அனுமதி இல்லை. லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றவன் வயதில் ரொம்பச் சின்னவன். அதைக்கூடப் பரந்தாமன் பொறுத்துக்கொண்டான். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் மனைவி தாட்சாயிணியையும் மகள் லாவண்யாவையும் அழைத்துக்கொள்வது என்று பேசிவைத்திருந்ததுதான் உறுத்தியது.

எழுத்துத் தேர்வில் தேறினான். செய்முறைத் தேர்வில் போயிற்று. எப்படிப் போயிற்று என்பதைப் போனில் சொல்லாமல், மே மாத லீவில் ஊருக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மனைவியிடம் சொன்னான்.

வேலையைத் தொடங்குமுன் மெயினை அணைத்துப் பூட்ட வேண்டும். பூட்டினான். சாவி வேலை செய்கிறவன் பையிலேயே இருக்க வேண்டும். அவன் வயரில் கை வைத்திருக்கும்போது வேறு யாரும் மெயினைப் போட்டுவிடக் கூடாதல்லவா. பரந்தாமனோ நேராகத் தேர்வாளரான நரைத்தலைப் பெரியவரிடம் போய், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, சாவியைப் பணிவாக நீட்டிவிட்டான். வெள்ளானூரில் மீட்டர் பெட்டிச் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏணி ஏறுவான். தன் பையில் போட்டுக்கொண்டால் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டதுபோல் பார்ப்பார்கள். பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், ஃபெயில் போட்டார்.

தாட்சாயிணி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மறுநாள் ஆவடியிலிருந்து ஒரு பூட்டு வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"சமையக்கட்டு வயரு பழசாக் கீது, மாத்துங்க. யாரு கேட்டாலும் சாவி மட்டும் தரக் கூடாது."

முதல் நாள் அவளே வந்து, மாவு ஆட்ட வேண்டும் என்று சாவி கேட்டாள். ஏணியிலிருந்து இறங்கி வந்து கொடுத்தான். ஃபெயில் என்று சொல்லிவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். அடுத்த நாள் மேல்வீட்டு சுரேகா மோட்டார் போட வேண்டும் என்றாள். கொடுத்ததோடு தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டான். லாவண்யா செல்போன் சார்ஜுக்குக் கேட்டாள், அவளுக்கும் கிடைத்தது. கேட்டால் கொடுத்துவிடுகிறவன் என்பது தாட்சாயிணிக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். அதில் அவளுக்கும் லாபம் இருந்ததால் இதுவரை திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய அப்பா கோதண்டம் மேட்ச் பார்க்க வந்தார். பரந்தாமனுக்கு அவர் மாமனார் மட்டுமல்ல, தாய்மாமனும்கூட. வந்தால் டிவி இல்லை, ஃபேன் இல்லை.

"இன்னா மாப்ளே, ஊட்ட இருட்டாக்கிகினு இன்னா பண்ற?"

வயர் மாற்றுவதாக ஏணிமேலிருந்து பதில் வந்தது.

"அத்த அப்பால மாத்து. மேட்ச்சு ஆரம்பிச்சுட்டான். சாவியக் குடு."

பரந்தாமனின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த தாட்சாயிணி நிமிர்ந்து பார்த்தாள். கை பைக்குள்ளேயே நின்றது.

"முடியாது மாமா."

"இன்னாது?"

"வயரு கையில கீது. முடிஞ்சதும் நானே போடறேன்."

"நானு மெயின போட்டு உன்னியக் கொன்னுடுவேன்னு நெனச்சிகினு கீறியா?"

"நீங்க போட மாட்டீங்க மாமா. இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் இருக்கும் பெரிய மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுத் திமிர் ஏறிவிட்டது என்று அங்கிருந்து ஒவ்வொரு உறவுக்காரருக்கும் போன் போட்டார்.

புருஷன் தேறியதற்குச் சந்தோஷப்படுவதா, அப்பா கோபித்துக்கொண்டதற்கு அழுவதா என்று தாட்சாயிணிக்குப் புரியவில்லை. முதலில் அதையும் பிறகு இதையும் செய்தாள். போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றான் பரந்தாமன்.

"கேளுங்க. ஆனா சாவி குடுக்காததுக்குன்னு கேக்காதீங்க. மேட்ச்சு போச்சேன்னு கேளுங்க."

அப்படியே கேட்டான். வாங்கிப்போன அல்வாவைக் கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சாப்பிட்டார்.

ஜூனில் ஆக்லாந்தில் மறு தேர்வு. அதே நரைத்தலைப் பெரியவர். பாதி வேலையில் அருகே வந்து, பூட்டை ஒருமுறை திறந்து பார்க்கலாமா என்று கையை நீட்டினார். வேலை முடியட்டும் சார் என்று பரந்தாமன் பையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பெரியவர் மனம் புண்பட்டிருக்குமோ என்ற கவலையில், முடித்து வெளியே வரும்போது தேவைக்கு மேலேயே நன்றி சொன்னான். லைசென்ஸ் வந்தது.

செய்தி வெள்ளானூரை எட்டியதும் கோதண்டம் டீக்கடைக்குப் போனார். பயிற்சி கொடுத்ததே தான்தான் என்ற தோரணையில் உட்கார்ந்தார். "நானு கேட்டே குடுக்கல. வெள்ளக்காரன் கேட்டா குடுத்துடுவானா?"

அன்று மாலை தாட்சாயிணி, விசா கிடைத்துவிடும் போலிருக்கிறது, ஜூலைக் கடைசியில் கிளம்பிவிடலாம் என்று அவரிடம் சொன்னாள். கோதண்டம் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"ஆடி பொறந்துடுதேம்மா. ஆடில பொண்ணு ஊட்ட உட்டுக் கெளம்பக் கூடாது. ஆவணில பாத்துக்கலாம்."

போன ஆடியில் நாள், நேரம் எதுவும் பார்க்காமல் ஸ்கூட்டர் வாங்கியவர் அவர். தாட்சாயிணி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆவணிக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லி ஆக்லாந்துக்குப் போன் செய்தாள்.