சோடா டப்பாவின் நீல மூடி

என் சித்தி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். பேச்சில் கஞ்சம், டப்பாக்களில் எழுதுவதில் தாராளம். சமையல் சோடா டப்பாவில் பெயரும் பிரித்த தேதியும் இருக்கும். ஈரக் கரண்டி அதன் பக்கம் போனால் வீடு இரண்டாகும். சலவை சோடாவோ பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, தனியாக.

சும்மா இருக்கத் தெரியாத நான், ஒரு நாள் காலையில் சமையல் சோடாவின் நீல மூடியையும் சலவை சோடாவின் சிவப்பு மூடியையும் மாற்றிப் போட்டேன். சித்தி திருதிருவென விழிப்பதைப் பார்க்கத்தான். மதியம் தோழி வீட்டில் இருந்தபோதுதான் உறைத்தது. நீல மூடியை நம்பிச் சலவை சோடாவை மாவில் போட்டிருந்தால்? அன்றைக்குச் செய்வதோ பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடப்போகிற கேக். வயிறு வெந்துவிடுமே! செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"சித்தி, கேக்கைக் குடுத்துடாதீங்க! மூடியை நான்தான் மாத்தினேன்!"

"தெரியும்டி வாலு. இந்த வீட்டுல வேற யாருக்கு அந்த வேலை?"

"அப்ப சோடா?"

"உன்னை மாதிரி ஆளு இருக்கறதாலதான் பேரை மூடியில எழுதாம டப்பாவுல எழுதறேன். ஆனா அந்தச் சிவப்பு மூடியில ஒட்டின தூளு உள்ள விழுந்திருக்குமே? மொத்தத்தையும் கொட்டிட்டு, புதுப் பாக்கெட் பிரிச்சேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. கண்ணில் மாவு விழுந்தது, அவ்வளவுதான்.

"உக்காந்தது போதும். ரெண்டு டப்பாவையும் கழுவி, ஈரமில்லாம துடைச்சு வை."

ஒரு தடவை துடைத்தாலே போதும். நான் மூன்று தடவை துடைத்தேன்.