மீட்டர் பெட்டிக்குக் கீழே இரண்டு குஞ்சுகள்

புளித்த பாலோடு பறவை எச்சம் கலந்தால் எழும் நாற்றத்தை நான் முதன்முதலில் முகர்ந்தது எண்பதுகளின் இறுதியில், செம்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு செருப்புப் பெட்டிக்குள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

வாசலில் மீட்டர் பெட்டியின் மேல் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. கோடை விடுமுறையில் ஒருநாள் அதிலிருந்து ஒரு குஞ்சு சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தது. பஞ்சு உருண்டையாக இருக்கும் என்று ஓடிப்போன நான் கண்டது: ஒரு இறகுகூட இல்லாத வழுவழுத்த தோல், அதற்கடியில் கருநீலமாகத் தெரிந்த குடல், திறக்காத கண்களின் வீங்கிய உருண்டைகள், தலையையே பிளந்ததுபோல் ஒரு மஞ்சள் வாய்.

"தொட்டுடாதடி, மனுஷ வாடை பட்டா தாய்க்குருவி சேர்க்காது" என்றாள் அம்மா. கணக்கு வாத்தியாரான அப்பாவோ அதை அட்டையால் வழித்தெடுத்துச் செருப்புப் பெட்டியில் வைத்து, என் பேனாவுக்கு மை ஊற்றும் "ஃபில்லரை"க் கழுவி அதன் வாயில் பாலை விட்டார். "பாரு, எப்படிக் குடிக்குது!" என்று அவருக்கு ஒரே பூரிப்பு. சிறிது நேரத்தில் அதன் மூக்கிலிருந்து பால் குமிழி குமிழியாக வந்தது. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் கண்ணுக்குள் எறும்புகள் போய்வந்துகொண்டிருந்தன. நான் குழாயடிக்கு ஓடி வாந்தியெடுத்தேன். "பாவம், பாவம்" என்று சொல்லிக்கொண்டே அதை மூழ்கடித்த எங்களை நினைத்தால்தான் அன்று அதிகமாகக் குமட்டியது.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று விழுந்தது. அப்பா மறுபடி ஃபில்லரைத் தேடினார். நான் அதைப் பிடுங்கி மதிலுக்கு அப்பால் சாக்கடையில் வீசினேன். "வேணாம்ப்பா, இதையும் நீங்க கொன்னுடுவீங்க!"

அப்பா காலிச் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

பல்லியைப் பார்த்தாலே அலறுகிற அம்மாதான், "ஸ்டூலைக் கொண்டுவாடி" என்றாள். முகத்தைச் சுளித்து, மூச்சைப் பிடித்து, தரையில் துடித்துக்கொண்டிருந்த அந்தச் சதையை வெறுங்கையால் அள்ளிக் கூட்டுக்குள் வைத்தாள். கூட்டிலிருந்து பொடிப்பொடியாகச் செள்ளுப்பூச்சிகள் அவள் முழங்கைவரை ஏறின. "சீ, சீ" என்று கத்தியபடி துணி சோப்பால் கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். பிறகு இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வெகுநேரம் கழித்துத் தாய்க்குருவி வந்தது. பச்சைச் சாறு ஒழுகும் நசுங்கிய புழு ஒன்றை அந்த வாய்க்குள் திணித்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா மட்டும் சிரித்தாள்: "வாடையாவது ஒண்ணாவது!"

இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசாமலிருந்த அப்பா, ஒருநாள் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ரெண்டாவது குஞ்சு பறந்துடுச்சாம்மா?"

"பறந்துடுச்சுப்பா."

அந்த வீட்டை இடித்து இப்போது அடுக்குமாடி எழுப்பியிருக்கிறார்கள். மீட்டர்களெல்லாம் பூட்டிய இரும்பு அலமாரிக்குள்; பால்கனிகளுக்கெல்லாம் வலை. போன மாதம் அந்த வழியாகப் போனபோது சற்று நின்று பார்த்தேன். வாசல் படுசுத்தமாக இருந்தது. கழுவ எச்சமும் இல்லை, விழக் குஞ்சும் இல்லை.