தங்கையின் முகவரியைச் சொன்னவர்

என் தங்கையின் வலது மணிக்கட்டு இன்றும் முழுதாகத் திரும்பாது. தோசைக்கல்லைத் தூக்க வேண்டுமென்றால் இடது கையைத்தான் நீட்டுவாள். அவளை அடித்தவன் அவள் புருஷன். அவன் அப்படித்தான் என்பது எங்களுக்குத் தெரிந்ததே. அவள் இருந்த இடத்தை அவனுக்குச் சொன்னவரைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் என் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவர். மதியச் சாப்பாட்டில் என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம்.

கள்ளக்குறிச்சியில், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கிற அரசு அலுவலகம் ஒன்றில் நான் உதவியாளர். வீட்டைவிட்டு வெளியேறிய பெண்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் கோப்புகளில் இருக்கும். கோப்பின் மேல் சிவப்பு மையில் 'ரகசியம்' என்று எழுதுவோம். காவல் அவ்வளவுதான். பீரோ சாவி கண்காணிப்பாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். கணினியின் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தோம்.

தங்கையைக் கொடுத்திருந்த ஊர் நைனார்பாளையம். அடி தாங்காமல் அவள் கிளம்பி வந்தபோது நானே எங்கள் அதிகாரியிடம் அழைத்துப் போனேன். அவன் அவளையோ எங்கள் சொந்தக்காரர் வீடுகளையோ நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கினோம். கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல் வேலையும் கிடைத்தது. அங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

"இங்க எழுதி வெக்கிறது வெளிய போவாதில்லக்கா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கன் இல்ல?" என்றேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருந்தபோது அவன் மலையேறி வந்துவிட்டான். விறகுக் கட்டையால் அடித்தான். தடுக்கப்போன கை உடைந்தது. வாத்தியார்கள் ஓடிவந்து பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். அவனிடம், "உனக்கு எப்படிடா எடம் தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கவர்மெண்ட் ஆபீசுலயே சொல்றாங்க. அப்பறம் இன்னா?"

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

அலுவலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டரைக் கைகாட்டினார்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்த்த சின்னப் பெண். முதலில் கைகாட்டியவர் கண்காணிப்பாளர்தான்.

"எந்நேரமும் போன்ல பேசிக்கினே இருக்குதும்மா அது. அதுதான் வாய வுட்டிருக்கும்."

அந்தப் பெண் என்னைத் தனியாகப் பிடித்து அழுதாள். "சத்தியமா நான் சொல்லலக்கா." எனக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை. ஆனால் யாரென்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தங்கையை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டு அதிகாரியிடம் போனேன்.

"மேடம், புது விலாசம்னு ரெண்டு எழுதி வெப்போம். ரெண்டுமே பொய்."

அவர் சரி என்றார். அன்றே பாஸ்வேர்டை மாற்றினோம். புதியதை அந்தப் பெண்ணுக்கு மட்டும் கொடுத்தோம். கணினியில் தியாகதுருகத்துத் தெரு ஒன்றை ஏற்றினோம். அது அதிகாரிக்குத் தெரிந்த ஒரு பெண் போலீசின் வீடு. பீரோவில் இருந்த காகிதக் கோப்பில் மூங்கில்துறைப்பட்டில் என் மாமா புதிதாகக் குடிபோயிருந்த, அவனுக்குத் தெரியாத வீட்டை எழுதினோம். பீரோ சாவியைக் கண்காணிப்பாளரிடமே தந்து, வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். கண்காணிப்பாளர் கணினிப் பக்கமே போக மாட்டார். அந்தப் பெண்ணுக்குப் பீரோவில் வேலையில்லை. அவன் எந்த வீட்டுக்கு வருகிறான் என்பதை வைத்துச் சொன்ன ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

அது கரும்பு அரவைக் காலம். மாமா ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். தெரு முழுக்க டிராக்டர்களும் ஆட்களுமாக இருக்கும். ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, உன் தங்கச்சி புருசன் வந்துக்கிறான். வூடு இதான்னு வெசாரிச்சிக்கினு நேரா வந்து நிக்கிறான்."

"அடிச்சிடாத மாமா."

"யாரு அடிச்சாங்க? டீ வாங்கிக் குடுத்து ஒக்கார வெச்சிக்கிறோம். எழுந்துக்க மட்டும்தான் வுடல."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் மேசையில் கண்காணிப்பாளர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடியே போலீசுக்குப் போன் போட்டேன்.

உத்தரவை மீறியதற்காக அவனை மறுபடி உள்ளே வைத்தார்கள். இந்த முறை பேசினான். இரண்டு முறையும் விலாசம் சொன்னவர் கண்காணிப்பாளர்தானாம், அவனுடைய ஊர்க்காரர்.

அவரைச் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், குடும்பஸ்தர் என்று மேலிடத்திலிருந்து எங்கள் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. துறைக்கும் போலீசுக்கும் எழுத்தில் புகார் கொடுத்தோம். அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

"கெட்ட எண்ணத்துல சொல்லலம்மா. அந்தப் பையன் அழுதுக்கினு வந்து நின்னான். புருசன் பொண்டாட்டி சேர்ந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

"கை ஒடஞ்சதுக்கு அப்பறமும் ரெண்டாவது வாட்டி சொன்னீங்களே சார். அதுவும் சேத்து வெக்கத்தானா?"

அவர் மனைவி என் கையைப் பிடித்தார்.

"பொண்ணுக்கு எடம் பேசிக்கினு இருக்கோம்மா. இந்த நேரத்துல இப்பிடி ஆயிட்டா அவங்க இன்னா நெனப்பாங்க? புகார வாபஸ் வாங்கிடும்மா."

"நல்லா கட்டிக் குடுங்க" என்றேன். "உங்க பொண்ணு ஒரு நாளு அடி தாங்காம ஓடிவந்து எங்க ஆபீசுல விலாசம் எழுதிக் குடுத்தா, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். போயிட்டு வாங்க."

அந்த அம்மா கையை விட்டுவிட்டார். அவர் முகம் போன போக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படிச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

விசாரணை முடிந்து அவரைப் பதவி இறக்கி, மலைமேல் வேறொரு அலுவலகத்தில் போட்டார்கள். கோப்புகளைத் தொடுகிற வேலை அங்கே அவருக்கு இல்லை. எங்கள் பீரோவின் சாவி இப்போது அதிகாரியிடம் இருக்கிறது. யார் எந்தக் கோப்பை எடுத்தாலும் எதற்கென்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். கணினியில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு. பழக்கமாகிறவரை எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

தங்கை இருக்கிற ஊரில் ஒரு மெஸ்ஸில் வேலை பார்க்கிறாள். கண்காணிப்பாளருக்கு நடந்ததைப் போனில் சொன்னபோது, "போதும், வுட்டுடுக்கா" என்றாள். அவளால் முடிகிறது.

காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக அவர் டப்பாப் பையோடு நிற்பார். என்னைக் கண்டால் திரும்பிக்கொள்வார். என் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வேறு குறுக்கு வழி இருக்கிறது. நான் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போகிறேன்.