ஹால்காரர்கள் ஏற்பாடு செய்த பாடகி

மைக் ஸ்டாண்டை அத்தை வேறு யாரையும் தொட விடமாட்டாள். என் திருமண வரவேற்பன்று, நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தின் சின்ன மேடையில், கருநீல கவுனோடு நின்று அதன் திருகைத் தளர்த்தி, மைக் தன் உதட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பியானோக்காரர், மறுபக்கம் ஆளுயர பேஸ் வாத்தியத்தை அணைத்தபடி இன்னொருவர். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் அதைச் சொன்னேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள். சர்ச் கொயரில் தொடங்கிய குரல், பக்கத்து வீட்டு இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஜாஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. நர்ஸ் வேலைக்காக நியூ ஜெர்சி வந்தவள், வாரநாட்களில் ஆஸ்பத்திரியிலும் ஞாயிறு மதியங்களில் ஜெர்சி சிட்டியில் ஒரு ஹோட்டல் லவுஞ்சிலுமாக முப்பது வருடங்களைக் கழித்தாள். அவள் பாடியவை அவள் பிறப்பதற்கு முன்பே நாடகங்களுக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்ட அமெரிக்கக் காதல் பாட்டுகள். அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அவள் பாடும்போது அவை வேறு மாதிரி இருக்கும். பியானோ ஓர் அடி முன்னால் போய்விடும்; அவள் அவசரப்படாமல், சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவள்போல, அந்தச் சொல்லைத் தாமதமாக வைப்பாள். "பாட்டு முன்னாடி போகட்டும்டி, நான் பின்னாடி மெதுவா நடந்து வரேன்" என்பாள். இரண்டு ஆல்பங்கள் பதிவு செய்தாள். முதலாவதை ஒரே நாளில் பாடி முடித்துவிட்டு, மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனாள்.

அப்பா சர்ச்சில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. "என் தங்கச்சி நர்ஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எனக்கு அப்படி இல்லை. சிறுமியாக அந்த லவுஞ்சின் ஓர மேசையில் ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்து, கைதட்டுகிறவர்களிடமெல்லாம் "அவங்க என் அத்தை" என்று சொன்னவள் நான். திருமணத்துக்குப் பாடச் சொல்லிக் கேட்டதும் நான்தான். அவள் ஒரு மாதம் பயிற்சி செய்தாள் என்று பிற்பாடு அந்தப் பியானோக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மணமகன் வீட்டார் ஹூஸ்டன்காரர்கள். மாமனார் டாக்டர், அங்கே தமிழ்க் கிறிஸ்தவ சபையில் மூப்பர். வரவேற்பன்று அவர்களுடைய உறவினர்கள் ஐம்பது பேர் பட்டுப்புடவையும் கோட்டுமாக உள்ளே வந்தார்கள். மேடையையும், தோள் தெரியும் அந்தக் கவுனையும் பார்த்து ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். மாமியார் என் கையைப் பிடித்தபடி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"யாரும்மா அவங்க? ஹோட்டல்ல பாடுறவங்களா?"

"ஆமா அத்தை. ஹால்காரங்க அரேஞ்ச் பண்ணினது. பேக்கேஜ்லயே வருது."

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் வாயில் அவ்வளவு சரளமாக வந்தது. மாமியாரை அத்தை என்று கூப்பிட்டு ஒருநாள்கூட ஆகவில்லை. பிறந்ததிலிருந்து அப்படிக் கூப்பிட்டவள் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள் என்பது அவள் கை திருகின்மேல் அப்படியே நின்றதில் தெரிந்தது.

அவள் போய்விடவில்லை. ஒப்புக்கொண்ட நாலு பாட்டையும் பாடினாள். அதுவரை நான் கேட்டதிலேயே அன்றுதான் மிக நன்றாகப் பாடினாள் என்று நினைக்கிறேன். முடித்ததும் இறங்கி வந்து, மாமியாரைப் பார்த்துத் தலைசாய்த்து, "கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்" என்றாள். என்னைப் பார்த்தும் அதையே சொன்னாள். பிறகு பேஸ்காரருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு, வாத்தியங்களோடு பக்கவாசல் வழியே போய்விட்டாள்.

மறுவாரமே போனில் பழையபடி பேசினாள். நானும் பேசினேன். அந்த நாள் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. என் கணவருக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. "அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றார். சொல்லவில்லை. மாமியார் ஹூஸ்டனிலிருந்து வரும்போதெல்லாம் அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. "உனக்கு கெஸ்ட் இருக்காங்கல்ல, அப்புறமா வரேன்." இருபத்திரண்டு வருடங்கள் என் பொய்யை என்னைவிடக் கவனமாக அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

மாமனார் காலமானபின் மாமியார் எங்களோடு வந்துவிட்டார். போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஐசலினுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது என் மகள் காரில் அத்தையின் பழைய பதிவு ஒன்றைப் போட்டாள். மாமியார் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். உங்க கல்யாணத்துல ஹால்காரங்க வெச்சிருந்தாங்களே, அந்தம்மா. எத்தனையோ தடவை நெனச்சிருக்கேன், என்னமா பாடினாங்க!"

பின்சீட்டிலிருந்து மகள் சிரித்தாள். "பாட்டி, தட்ஸ் ஜெர்சி சிட்டி பாட்டி! ஷீ இஸ் அம்மாஸ் ஆன்ட்டி."

சிக்னல் பச்சைக்கு மாறியதை நான் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாமியார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னைக்கு அவங்க சாப்பிட்டாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடங்களில் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாளே மாமியார் தன்னை அத்தையிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்குவேர் பக்கம் நாலாவது மாடியில் அத்தையின் வீடு. எழுபத்தாறு வயதில் முழங்கால் வலியோடு அவளே வந்து கதவைத் திறந்தாள். மாமியாரைக் கண்டதும் புரிந்துகொண்டாள். காபி கொடுத்தாள். மாமியார் டம்ளரைத் தொடாமல், "சொந்த அத்தைன்னு ஏங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று அவளைக் கேட்டார். கண் என்மேல் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்.

"நான்தாங்க சொல்லாதேன்னு சொன்னேன். சொந்தக்காரின்னு தெரிஞ்சா எல்லாரும் வந்து பேசுவாங்க. பாடுறதுக்கு முன்னாடி பேசினா எனக்குக் குரல் எழும்பாது. இவ பாவம், என்ன பண்ணுவா?"

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தாள். இல்லை, அப்படி நடக்கவில்லை என்று சொல்ல அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. மாமியார் காபியைக் குடித்து முடிக்கும்வரை நேரம் இருந்தது. பிறகு இருவரும் பெரம்பூரைப் பற்றியும் முழங்கால் ஆபரேஷனைப் பற்றியும் ஒரு மணிநேரம் பேசினார்கள். அவ்வளவு நேரமும் இருந்தது. நான் டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

திரும்பும் வழியில், ஃப்ரீவேயில் ஏறியதும் மாமியார் என் தோளைத் தொட்டார்.

"நேத்துலேர்ந்து உன்னைப் பத்தி என்னென்னவோ நெனச்சுட்டேன்மா. மனசுல வெச்சுக்காதே. என்னை மன்னிச்சுடு."

"பரவாயில்ல" என்றேன்.